அமிர்த மாத்திரை

பாற்கடலைக் கடைந்து சாவாமைக்கு அமிர்தம் எடுத்த கதையைக் கேட்டுச் சிரிக்கின்ற நம் தோழர்களிலேயே சிலர், இன்று வைட்டமின் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைத் தின்றால் மூப்பு தள்ளிப்போகுமாம்" என்கிறார்கள். ஏன் ஐயா என்றால், "அது புராணம், இது விஞ்ஞானம்" என்கிறார்கள். புட்டியில் அப்படி அச்சடித்துவிட்டால் விஞ்ஞானமாகிவிடுமா என்று கேட்கின்றோம்.

வைட்டமினே பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர், ஈறு அழுகும் நோயால் கிடந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறுவித சிகிச்சை செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே சீக்கிரம் எழுந்தார்கள். ஆகவே குறைவுள்ளவனுக்கு அது மருந்துதான். குறைவில்லாதவனுக்கு என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், வைட்டமின் சியைக் கிராம் கணக்கில் தின்றால் புற்றுநோயும் அடங்கும் என்றார். அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தார் நோயாளிகளிடம் சோதித்து 1979இலும் 1985இலும் முடிவை வெளியிட்டார்கள். பலன் ஒன்றுமில்லை. மகான் சொன்னார் என்று நம்புவதற்கும், பரிசு பெற்றவர் சொன்னார் என்று நம்புவதற்கும் என்ன வித்தியாசம்?

பலனில்லாவிட்டால் போகட்டும், கெடுதியாவது இல்லையே என்பார்கள். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதனை செய்தார்கள். 1994இல் வெளியான முடிவின்படி, பீட்டா கரோட்டின் மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 100க்கு 18 பங்கு அதிகமாக வந்தது!

நிற்க, மூப்பு விஷயத்துக்கு வருவோம். நம் உடம்பின் அணுக்களிலுள்ள குரோமோசோம்களின் நுனி, வயதாக ஆகத் தேய்கின்றது. அமெரிக்காவில் வைட்டமின் டி தின்றவர்களுக்கு நான்கு வருஷத்தில் அந்தத் தேய்வு குறைந்திருந்ததாக 2025இல் எழுதினார்கள். சோதித்தவர்கள் ஏறக்குறைய 1,000 பேர். உடனே இளமை திரும்பிற்று என்று பறையடித்தாயிற்று. ஆனால் இந்த 1,000 பேர் சேர்ந்திருந்த பெரிய சோதனையில் இருந்தவர்கள் 25,871 பேர். அதில் இந்த வைட்டமினால் புற்றுநோய் வருவதும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை என்று 2018லேயே வெளியாயிற்று. நுனி தேயாததால் ஆயுள் நீண்டது என்பதற்கு ருசு எங்கே?

1947இல் இந்தியனுடைய சராசரி ஆயுள் ஏறக்குறைய 32. இன்று அது 70 ஆகியிருக்கின்றது. இதைச் செய்தது எந்தப் புட்டி? அம்மைப்பாலும், தடுப்பூசியும், நல்ல தண்ணீரும், வயிற்றுக்குச் சோறும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியும் அல்லவா? கூலிக்காரன் பிள்ளைகளுக்கு முட்டையும் கீரையும் வாங்கவேண்டிய காசை, மூப்பு வராதிருக்கப் புட்டிக்காரனிடம் கொடுப்பதற்கும், கோவில் உண்டியலில் போடுவதற்கும் பேதமில்லை.

குறைவிருக்கிறதா என்று வைத்தியர் சோதித்துச் சொன்னால் தின்னுங்கள். மற்றபடி, பூசாரியிடம் கேட்கின்ற அதே கேள்வியைப் புட்டிக்காரனிடமும் கேளுங்கள். பகுத்தறிவு கடவுளிடம் மட்டும் காட்டுவதற்கல்ல, கடையிலும் காட்டுவதற்கே.