இரண்டு ஆண்டுத் தண்டனை

ஹைதராபாத்தின் சந்திராயன்குட்டா பகுதியில் 2018 மே மாதம் ஒரு திருநங்கையை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. ரமலான் மாதத்தில் தெருக்களில் காசு கேட்பதற்காக மகபூப்நகர் பக்கமிருந்து தோழிகளுடன் வந்தவர் அவர். 'பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள்' என்ற வதந்தி அந்த நாட்களில் செல்போனுக்குச் செல்போன் தாவிக்கொண்டிருந்தது. வந்திருந்தவர்களைப் பார்த்ததும் கும்பல் தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டது. எந்தக் குழந்தையும் கடத்தப்படவில்லை என்பது கொலை நடந்தபிறகு பேசப்பட்ட விஷயம்.

வாட்ஸ்ஆப் மீது பழி போடுவது சுலபம். ஆனால் இந்தச் சந்தேகம் வாட்ஸ்ஆப்பை விட ரொம்பவே மூத்தது. அதே ஹைதராபாத்தில் அது சட்டமாகவே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

நிஜாம் ஆட்சியில் 1919ல் வந்த அந்தச் சட்டம், சிறுவர்களைக் கடத்துவதாகவோ ஆண்மை நீக்குவதாகவோ 'சந்தேகிக்கப்படும்' அலிகளின் (சட்டம் அப்படித்தான் அழைத்தது) பெயர்களையும் இருப்பிடத்தையும் பதிவேட்டில் குறித்து வைக்கச் சொன்னது. பதிவேட்டில் உள்ளவர் புடவை கட்டிக்கொண்டோ நகை அணிந்துகொண்டோ தெருவில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். பொது இடத்தில் ஆடினாலும் பாடினாலும் அப்படியே. பதினாறு வயதுக்கு உட்பட்ட சிறுவன் அவரது பொறுப்பில் இருந்தால் அதுவும் குற்றம். தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இது நிஜாமின் சொந்தச் சரக்கல்ல. 1871ல் பிரிட்டிஷார் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதியைப் பார்த்து எழுதியது. தமிழ்நாட்டில் கள்ளர்களையும் மறவர்களையும் கைரேகை வைக்கச் சொன்னதும் அந்தப் பெயர் கொண்ட சட்டம்தான். குற்றப் பரம்பரைச் சட்டம் 1952ல் ஒழிந்தது. ஹைதராபாத் சட்டம் மட்டும் ஆந்திரா, தெலுங்கானா என்று மாநிலத்தின் பெயர் மாறியபோதெல்லாம் தன் பெயரையும் மாற்றிக்கொண்டு ஏட்டில் தொடர்ந்தது. ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சிக்கும் அதை நீக்க வேண்டும் என்று தோன்றவில்லை. 2018ல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2023 ஜூலையில்தான் தெலுங்கானா உயர் நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று கூறி ரத்து செய்தது. ஏதோ மறதியால் மிஞ்சிய பழைய காகிதம் என்று இதை ஒதுக்கவும் முடியாது. சுதந்திரம் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 2011ல், கர்நாடகம் தன் போலீஸ் சட்டத்தில் ஏறக்குறைய இதே வாசகத்தைப் புதிதாகச் சேர்த்தது. எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகே அந்தச் சொல் நீக்கப்பட்டது.

உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று அளித்த தீர்ப்பு திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் சம உரிமை உண்டு என்றது. தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையையும் ஏற்றது. அதன் தொடர்ச்சியாக நாடாளுமன்றம் 2019ல் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பெயரில் பாதுகாப்பு இருந்தது. உள்ளே புரட்டிப் பார்த்தால், மூன்றாம் பாலினத்தவரை உடல்ரீதியாக, பாலியல்ரீதியாகக் கொடுமைப்படுத்துபவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறை என்று எழுதியிருந்தார்கள். அதே காலத்தில், ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்தவருக்குக் குறைந்தபட்சமே பத்து ஆண்டு.

1919ல் புடவை கட்டித் தெருவில் நின்ற திருநங்கைக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. நூறு வருஷம் கழித்து அவரைச் சீரழித்தவனுக்கும் இந்தச் சட்டத்தில் அதிகபட்சம் அதே இரண்டு ஆண்டு. நூறு வருஷத்தில் மதிப்பு இவ்வளவுதான் கூடியிருக்கிறது.

2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா நிலைமையை இன்னும் சிக்கலாக்கியது. பலாத்காரம் என்பது ஆண் ஒருவன் பெண்ணுக்குச் செய்யும் குற்றம் என்ற பழைய வரையறை அப்படியே வந்தது. ஆனால் திருநங்கைகள் மீதான பலாத்காரத்துக்குப் புகார் கொடுக்க உதவிய பழைய 377வது பிரிவு மாற்று ஏதுமின்றி மறைந்தது. மனமொத்த உறவைக் குற்றமாக்கிய பகுதியை உச்ச நீதிமன்றம் 2018லேயே நீக்கியிருந்தது. மீதமிருந்த பாதுகாப்பையும் சேர்த்துத் தூக்கியெறிந்ததற்கு யார் காரணம் சொல்வது?

ஸ்டேஷனுக்குப் போகத் தயங்கும் திருநங்கையைக் குறை சொல்ல முடியாது. அவரைச் சந்தேக நபராகப் பார்க்கவே பல தலைமுறை போலீசார் பழக்கப்பட்டவர்கள். அவர் கொண்டுவரும் புகாரோ சட்டத்திலேயே மலிவு விலைக் குற்றம். தெருவில் கை நீட்டாமல் கௌரவமாக வேலை பார்க்கட்டுமே என்று உபதேசிப்பவர்கள் கொச்சியை நினைவில் கொள்ளலாம். 2017ல் அங்கு மெட்ரோ ரயில் நிறுவனம் 23 பேரை வேலைக்கு எடுத்தது. வேலை கிடைத்தது, குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. வாடகைக்கு விட ஆளில்லாமல் சிலர் சில வாரங்களிலேயே வேலையை விட்டார்கள்.

மாற்றமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2024 டிசம்பரில் ஹைதராபாத் போலீஸ் மூன்றாம் பாலினத்தவர் 39 பேரைப் போக்குவரத்து உதவியாளர்களாக நியமித்தது. எந்தத் தெருவில் நின்றதற்காக ஒரு காலத்தில் கைது செய்தார்களோ, அதே ஊர்த் தெருவில் சீருடையோடு கை காட்டி வண்டிகளை நிறுத்தினார்கள் அவர்கள்.

நல்ல ஆரம்பம்தான். ஆனால் பணி முடிந்து சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு இரவில் வீடு திரும்பும்போது யாராவது அவர்கள் மீது கை வைத்தால், ஊரில் மற்ற பெண்களுக்குக் கிடைக்கும் அதே சட்டம் அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். அதற்குப் புதிய கமிஷனோ கமிட்டியோ தேவையில்லை. பலாத்காரத்தின் வரையறையில் சில சொற்களைச் சேர்த்தால் போதும். நாடாளுமன்றத்துக்கு அது ஒரு பிற்பகல் வேலை.