வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றால் பரிசோதனை எல்லோருக்கும்



காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுக் குணமானவர்களும் எங்கள் வீட்டாரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

ஒருவருக்கு டி.பி. என்று தெரிந்த அன்றே அவருடைய தட்டும் டம்ளரும் தனியாகிவிடுகின்றன. தட்டால் இந்த நோய் பரவாது. இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியால்தான் பரவும். அதுவும் பெரும்பாலும் நோய் இன்னதென்று தெரியாமல், எல்லோரும் ஒரே அறையில் படுத்துறங்கிய நாட்களிலேயே தொற்றியிருக்கும். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு இதை உலகுக்கே காட்டியது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் குடும்பத்தாரைவிட நோய் கூடுதலாக வரவில்லை. ஆகவே நோயாளியை ஒதுக்கிப் பயனில்லை. கூட இருந்தவர்கள் பரிசோதனைக்கு வர வேண்டும்.

“எனக்குத்தான் இருமலே இல்லையே” என்பார்கள். கிருமி உள்ளே அடங்கிக் கிடக்கும்போது இருமல், காய்ச்சல் எதுவும் இருக்காது, பிறருக்கும் ஒட்டாது. இப்படித் தொற்றியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் என்றாவது அது நோயாக மாறுகிறது. முதல் 2 ஆண்டுகளில்தான் ஆபத்து அதிகம். சர்க்கரை நோயாளிகளும் உடல் மெலிந்தவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் நோயே வந்துவிட்டதா என்று விசாரித்து எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் இல்லையென்றால், கிருமி உள்ளே இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் தோலுக்குள் சிறு ஊசி போடுவார்கள். 2, 3 நாள் கழித்து அந்த இடம் தடித்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள். வெறும் சிவப்பு கணக்கில் வராது, தடிப்பின் அகலமே கணக்கு. ஊசி போட்டுக்கொண்டு, அளக்கும் நாளில் வராமல் போனால் அந்த ஊசி வீண். கூலி வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு முறை வருவது கஷ்டம்தான். முதலாளிகளே, அந்த அரை நாளைச் சம்பளம் பிடிக்காமல் கொடுங்கள். சில இடங்களில் ரத்தப் பரிசோதனையும் உண்டு, அதற்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தால் போதும்.

வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தையோ எச்.ஐ.வி. உள்ளவரோ இருந்தால் இந்தத் தோல் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். நோய் இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மாத்திரையைத் தொடங்கலாம்.

பரிசோதனையில் தொற்று தெரிந்த மற்றவர்களுக்கும் தடுப்பு மாத்திரை உண்டு. அது 6 மாதம் தினமும், அல்லது வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம். எது என்று மருத்துவர் சொல்வார். வாரமொருமுறை மாத்திரையில் சிறுநீர் செம்மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். மதுப் பழக்கம் இருந்தாலோ கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நன்றாக இருக்கிறோம் என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒன்று கேட்கிறோம். சுகாதாரப் பணியாளர் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அதைப் பேச்சாக்காதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் கதவைத் திறப்பதில்லை.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் பணம் இல்லை. விவரத்துக்கு 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். உங்கள் வீட்டில் இப்போது யாராவது டி.பி. மருந்து சாப்பிடுகிறார் என்றால், இந்த வாரமே எல்லோருமாக வாருங்கள்.