சோதனைக்கு ஒரு மருந்து, சண்டைக்கு ஒரு மருந்து!

நல்ல பஞ்சைப் போட்டு மிஷினை ஓட்டிக் காட்டிவிட்டு, கழிவுப் பஞ்சைத் தொழிலாளி தலையில் கட்டினால் நூல் அறாமல் என்ன செய்யும்? ஆலைத் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க ராணுவம் எம்-16 துப்பாக்கியில் செய்தது இதுவேதான்.

அந்தத் துப்பாக்கி ஒருவகை வெடிமருந்தை வைத்து உருவானது. 1964-ல் ராணுவம் அதை விட்டு உருண்டை மருந்தைப் புகுத்தியது. தோட்டா பாயும் வேகம் கெடவில்லை. ஆனால் துப்பாக்கி நிமிஷத்துக்குச் சுடும் எண்ணிக்கை நிர்ணயித்த அளவைத் தாண்டியது. உள்ளே கரி அப்பியது. இந்த மருந்தில் துப்பாக்கி சோதனையில் தேறாது என்றது கோல்ட் கம்பெனி. மருந்தையா மாற்றினார்கள்? இல்லை! சோதனைக்கு மட்டும் பழைய மருந்தைப் போட்டுக்கொள்ள அனுமதித்தார்கள். வியட்நாமுக்கு உருண்டை மருந்துத் தோட்டா போயிற்று. துடைக்கும் சாமான்கூடப் போதுமான அளவு போகவில்லை.

வேற்று நாட்டு விவசாயியைச் சுட அனுப்பப்பட்ட சிப்பாய்கள், அடைத்துக்கொண்ட துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே செத்தார்கள். அவர்களில் பலர் கட்டாய ராணுவ சேவையில் பிடிக்கப்பட்ட ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

1967-ல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக் கமிட்டியே, இது கிரிமினல் அலட்சியத்தை ஒட்டியது என்று எழுதிற்று. ஒட்டியதாம்! தேறாது என்று தெரிந்த பிறகுதானே ஐயா, மருந்தை மாற்றிச் சோதிக்கச் சொன்னார்கள்?