விலைக்கு வரும் அமைதி

1872ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி மாலை, வாரிக்‌ஷயரில் உள்ள வெல்ஸ்போர்ன் கிராமத்தில் ஒரு மரத்தடியில் விவசாயக் கூலிகள் திரண்டார்கள். பேச வந்தவர் பார்ஃபோர்டைச் சேர்ந்த ஜோசஃப் ஆர்ச். உயிர்வேலி வெட்டிச் சீர் செய்வதில் பெயரெடுத்த தொழிலாளி, மெதடிஸ்ட் பிரசங்கியும்கூட. அன்று தொடங்கிய சங்கம் சில மாதங்களில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கமாக வளர்ந்தது. 1885இல் ஆர்ச் நாடாளுமன்றத்துக்கே போனார். நாவன்மையும் துணிவும் அவரிடம் இருந்தன, உண்மைதான். பலர் கவனிக்காமல் விடும் காரணம் இன்னொன்று உண்டு. பார்ஃபோர்டில் அவர் குடியிருந்த சிறு வீடு குடும்பச் சொத்து. கூலி உயர்வு கேட்டதற்காக அவரைத் தெருவில் நிறுத்த எந்தப் பண்ணையாராலும் முடியாது.

அந்த மரத்தடியில் நின்ற மற்றவர்களில் பலருக்கு இந்தத் தெம்பு கிடையாது. வேலை கொடுத்தவரே வீட்டையும் கொடுத்திருந்தார். வேலை போனால் வீடும் போகும். உடம்பு தளர்ந்தாலும் அதே கதி. பண்ணை வீட்டிலிருந்து தொழிலாளியை இப்படி வெளியேற்றுவதற்குச் சட்டம் முறையான தடை போட்டது 1976இல்தான். ஆர்ச் பேசி நூறு ஆண்டுகள் கடந்திருந்தன. இன்று அதே வகைச் சிறு வீடுகள், இரண்டு மூன்றை இடித்துச் சேர்த்து ஒன்றாக்கப்பட்டு, நகரத்தில் நன்றாகச் சம்பாதிப்பவர்களுக்கு விற்பனைக்கு வருகின்றன. தரகர் முதலில் எடுத்துச் சொல்லும் சிறப்பு, அமைதி.

அந்த அமைதி மண்ணோடு பிறந்தது என்று வாங்குபவர் நினைக்கிறார். இங்கிலாந்துக் கிராமங்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது. ஆட்கள் வெளியேறியதால் வந்த அமைதி அது. புதிதாக யாரும் வந்து குடியேறிவிடாதபடி பிற்பாடு சட்டமும் அதைக் காத்து நின்றது. வீட்டு விலைக்குக் காரணம் தேடுபவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழைய ஊரில் வயல்கள் திறந்து கிடந்தன. வேலியில்லாத பெருவெளியில் ஆளுக்குச் சில பட்டைகள். அறுவடை முடிந்தால் ஊர் மாடுகள் எல்லாம் அதில் மேயும். பொதுநிலத்தை நம்பி ஏழையும் ஒரு பசு வைத்துக்கொள்ளலாம், வாத்து வளர்க்கலாம், அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கலாம். 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கரைத் தனி உடைமையாக வேலியடைத்தது. இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதல். ஜன்னலைத் திறந்ததும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் உயிர்வேலிகளில் பல, அந்தச் சட்டங்களால் வந்தவை. அன்றைய நார்த்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்துக்கான சட்டம் 1809இல் வந்தது. அந்த ஊரில் கூலி வீட்டில் பிறந்த கவிஞர் ஜான் கிளேர், அந்த இழப்பைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார்.

வேலியைவிட நுட்பமான இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வெளியூர்க்காரர்கள் இதைப் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1662ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டப்படி, ஏழையானவரைக் காப்பாற்றும் பொறுப்பு அவருடைய பாரிஷுக்கு, அதாவது தேவாலய வட்டத்துக்கு. அதற்கான வரி அந்த பாரிஷின் நிலம், வீடுகள் மீதே விழும். ஊர் முழுதும் ஒரே பண்ணையாருக்குச் சொந்தமானால் அவர் கணக்கு எளிது: குடிசை குறைந்தால் ஏழைகள் குறைவார்கள், ஏழைகள் குறைந்தால் வரி குறையும். புதுக் குடிசை கட்ட விடவில்லை. பழையது சிதைந்தால் சிதையட்டும் என்று விட்டார். சில இடங்களில் இடித்தே தள்ளினார்கள். இவற்றை ‘மூடிய’ ஊர்கள் என்பார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமே? அவர்கள் சில மைல் தள்ளி இருந்த, பல பேருக்குச் சொந்தமான ‘திறந்த’ ஊர்களில் நெருக்கியடித்துக் கிடந்து, விடியலில் நடந்து வந்து, இருட்டியபின் நடந்து போனார்கள். 1865இல் ஏழை வரிச் சுமையை ஒரு பாரிஷிலிருந்து பல பாரிஷ்கள் சேர்ந்த ஒன்றியத்துக்கு மாற்றிய பிறகே இந்தக் கணக்கு பொய்த்தது. ஒரே சாயலில் சீராகக் கட்டிய வீடுகள், நடுவில் பசும்புல்வெளி, அளவோடு ஜனம் என்று இன்று படம் எடுத்து மாட்டும்படி நிற்கும் ஊர்களில் கணிசமானவை அந்த மூடிய ஊர்களே. ஒற்றை உடைமையாளரின் கண்டிப்பு இன்று அழகு என்ற பெயரில் விலை போகிறது.

அடுத்து நடந்தது தெரிந்த கதை. 1851 கணக்கெடுப்பில் நகரவாசிகள் பாதியைத் தாண்டினார்கள். 1870களில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்க, உள்ளூர் வேளாண்மை படுத்தது. பிறகு டிராக்டர் வந்தது. இளைஞர்கள் ரயிலேறினார்கள்.

வெறிச்சோடிய ஊருக்குச் சட்டப் பூட்டு போட்டது இருபதாம் நூற்றாண்டு. போர் நடந்துகொண்டிருந்த 1942இல், கிராமப்புற நிலப் பயன்பாட்டை ஆராய்ந்த ஸ்காட் குழு அறிக்கை தந்தது: நல்ல விளைநிலத்தில் கட்டடம் எழக்கூடாது, கிராமப்புறம் வேளாண்மைக்கே. குழுவில் இருந்த பொருளியலாளர் டெனிசன் மட்டும் உடன்படாமல் தனி அறிக்கை எழுதினார். கிராமத்துக்குப் புதுத் தொழிலும் வீடும் வரவிடாமல் தடுத்தால் அங்கிருப்பவர்களின் ஏழ்மையையே காப்பாற்றுவோம் என்பது அவர் வாதத்தின் சாரம். அவரை யாரும் கேட்கவில்லை. 1947 நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் நிலத்தில் கட்டும் உரிமையை உடைமையிலிருந்து பிரித்து அரசின் அனுமதிக்கு உட்படுத்தியது. இந்தச் சட்டம் இல்லையென்றால் லண்டனிலிருந்து கடற்கரை வரை ஒரே கட்டடக் காடாகியிருக்கும். அந்த அளவில் நன்றி சொல்லலாம். ஆனால் பண்ணையார் ஒருவர் செய்த வேலையைப் பிறகு ஊரே கூடி, சட்டத்தின் துணையோடு செய்யத் தொடங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கார் வந்ததும் வாங்குவோர் வந்தார்கள். 1965இல் ஹார்ட்ஃபர்ட்ஷயர் கிராமங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்ட சமூகவியலாளர் ரே பால், நகர வேலைக்குப் போய்வரும் நடுத்தர வர்க்கத்தினர் மனத்தில் ஒரு கிராமத்தைச் சுமந்துகொண்டு வந்ததைக் கண்டார். ரயில்வே குறித்த 1963 பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து கிளை ரயில்கள் நின்றன. 1980 வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பின் ஊராட்சி வாடகை வீடுகள் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன. குடியிருந்தவர்களுக்கு அது நல்லது, ஆனால் விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதியவை போதிய அளவில் எழவில்லை. தெருவில் நடந்தால் ‘பழைய பள்ளிக்கூடம்’, ‘பழைய கொல்லுப்பட்டறை’, ‘பழைய அஞ்சலகம்’ என்று வீடுகளுக்குப் பெயர்ப் பலகை. குழந்தையை எங்கே படிக்க வைப்பது என்று கேட்டால் அடுத்த ஊரைக் காட்டுவார்கள்.

வாங்குகிறவருக்கும் இந்த வரலாறு சும்மா வருவதில்லை. பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பழைய வீடென்றால், அதன் தன்மை மாறும்படி அனுமதியின்றி ஜன்னலை மாற்றுவதுகூடக் குற்றம். தோட்டத்தின் குறுக்கே ஊர்ப் பொதுப் பாதை போகலாம். நடப்பவரைத் தடுக்க முடியாது. செப்டிக் டேங்க் கழிவு நேராக ஓடையில் விழுந்தால் மாற்றியாக வேண்டும். இவற்றை மிஞ்சியது வாரிக்‌ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோவில் நடந்தது. அங்கே ஒரு தம்பதிக்குச் சொந்தமான பண்ணையின் ஒரு வயல், 1743ஆம் ஆண்டு வேலியடைப்பின்போது தேவாலயத்துக்குரிய தசமபாக உரிமைக்கு ஈடாக ஒதுக்கப்பட்டது. அதோடு, தேவாலயத்தின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் கடமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. சுமார் 95,000 பவுண்டு கேட்டு அறிவிப்பு வந்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 2003இல் தம்பதிக்கு எதிராக முடிந்தது. 2013 அக்டோபர் 13க்குள் பதிவு செய்யப்படாத இத்தகைய கடமைகள், அதன் பின் விலை கொடுத்து வாங்குபவரைப் பொதுவாகக் கட்டுப்படுத்தா. ஆனாலும் வழக்கறிஞர்கள் இன்றும் அதைத் தேடிப் பார்க்கவே செய்கிறார்கள்.

வெளியிலிருந்து வந்தவர் இந்த ஊர்களை எப்படிப் பார்ப்பார் என்பதற்கு நல்ல சாட்சி வி. எஸ். நைபால். டிரினிடாட்டில் பிறந்த இந்திய வம்சாவளியினரான அவர், வில்ட்‌ஷயரில் ஒரு மாளிகை வளாகத்துச் சிறு வீட்டில் வாழ்ந்த அனுபவத்தை ‘தி எனிக்மா ஆஃப் அரைவல்’ நாவலாக 1987இல் வெளியிட்டார். எல்லாம் தொன்று தொட்டு இருப்பது, தான் மட்டுமே புதியவன் என்று தொடங்குகிறது அவர் பார்வை. போகப்போக, தோட்டம் போடும் பக்கத்து வீட்டுக்காரரும் வேறிடத்திலிருந்து வந்தவரே, ஊரே ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதே என்று தெரிகிறது. கிராமம் மாறக்கூடாது என்று வாதாடுபவர்கள் படிக்க வேண்டிய நாவல்.

இரண்டாம் வீடுகளுக்கு 2025 ஏப்ரலிலிருந்து இரு மடங்கு கவுன்சில் வரி விதிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கிடைத்திருக்கிறது. நல்ல காரியம், போதாத காரியம். குடியிருக்க வீடே இல்லாத இடத்தில் வரி வீடாகாது. வழக்கமாகக் கட்டட அனுமதி கிடைக்காத ஊர் விளிம்பு நிலத்திலும், உள்ளூர்த் தேவைக்காக, என்றென்றும் கட்டுப்படியாகும் விலையிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சில வீடுகள் கட்ட விதிவிலக்கு உண்டு. பள்ளி உதவியாளர், பண்ணையில் பால் கறப்பவர், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஆகியோர் வேலை செய்யும் ஊரிலேயே வாழ இருக்கும் நல்ல வழி இது. பெரும்பாலும் பத்து வீடு, பன்னிரண்டு வீடுதான். அதற்கும் எதிர்ப்பு மனுக்கள் குவிகின்றன. அவற்றில் சில, அந்த ஊருக்குப் போன வருடம் குடிவந்தவர்கள் எழுதுபவை.

இங்கிலாந்தில் வாழும் நம்மவர் யாரேனும் அப்படியொரு ஊரில் வீடு வாங்க நினைத்தால் தாராளமாக வாங்கட்டும். பத்திரத்தைப் படியுங்கள், செப்டிக் டேங்கைத் திறந்து பாருங்கள், மழைநாளில் ஒருமுறை போய் வாருங்கள். குடியேறிய பிறகு, ஊர் விளிம்பில் பத்து வீடுகள் வரப்போவதாக விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தால், ஆதரித்து ஒரு கடிதம் எழுதுங்கள்.