பட்டறையை மூடச் சொன்னவருக்கு

திருச்சி மத்திய சிறையில் கைதிகளுக்கு ஐ.டி.ஐ.யும் பட்டறையும் நடத்துவதும், பெட்ரோல் பங்கில் அவர்களை வேலைக்கு நிறுத்துவதும் வரிப்பணத்தைப் பாழாக்கும் காரியம், எல்லாவற்றையும் மூட வேண்டும் என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு மேடையில் ஒருவர் பேசியிருக்கிறார். சிறை ஓட்டலாகிவிட்டது, திருடன் திருந்தமாட்டான், பாதிக்கப்பட்டவனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை என்பவை அவர் வாதங்கள். கைதட்டலும் கிடைத்திருக்கிறது. மூன்றும் பொய்.

ஓட்டல் என்றவர், உறவினர்கள் மனு போட்டுக் கைதிகளைப் பார்க்கும் நேரத்தில் புதுக்கோட்டை சாலையில் சிறை வாசலில் போய் நிற்கட்டும். இடுப்பில் குழந்தை, கையில் துணிப்பை, ஆதார் நகலோடு பெண்கள் காத்திருப்பார்கள். பேர் கூப்பிட்டதும் உள்ளே போய், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று சில நிமிஷம் பேசுவார்கள். பாதிப் பேச்சு பிள்ளையின் ஸ்கூல் பீஸிலும் வக்கீல் பணத்திலும் போய்விடும். அங்கே மாலையில் எண்ணிக்கை எடுத்துப் பூட்டினால் விடிந்துதான் கதவு திறக்கும். நீதிமன்றம் கொடுத்த தண்டனை அந்தப் பூட்டு. அதற்குமேலும் ஆளை வதைக்க வேண்டும் என்பவர், கோவைச் சிறையில் வ.உ.சி.யைச் செக்கிழுக்க வைத்த வெள்ளைக்காரனின் புத்தியை இன்னும் சுமக்கிறார்.

திருடன் திருந்தமாட்டான் என்று, வேறெங்கும் இல்லாமல், ஸ்ரீரங்கத்தில் நின்று சொல்ல எப்படி மனம் வந்தது? வழிப்பறி செய்தவர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் திருமங்கையாழ்வாரின் பேரைத்தான் கோயிலின் ஆலிநாடன் திருச்சுற்று தாங்கி நிற்கிறது. இராப்பத்து எட்டாம் நாள், குதிரை வாகனத்தில் வரும் நம்பெருமாளை அவர் மறிக்கும் வேடுபறியைக் காண மணல்வெளியில் கூட்டம் நெரிகிறது. கொள்ளைக்காரன் ஆழ்வாரானான் என்பதை ஆண்டுதோறும் கண்குளிரப் பார்க்கிற ஊர் இது.

ஆழ்வாருக்கு ஒரே நாளில் நடந்தது எல்லோருக்கும் நடக்காது. சாதாரண மனிதனுக்குக் கைத்தொழில் வேண்டும், தினமும் நேரத்துக்கு எழுந்து செய்ய ஒரு வேலை வேண்டும். சிறைக்குள் இருக்கும் ஐ.டி.ஐ.யும் பட்டறையும், காய்கறியும் பொங்கல் கரும்பும் விளையும் தோட்டமும் அதற்காகத்தான். உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வருவார்கள். ஆயுள் கைதியைக்கூட 14 ஆண்டுக்குப் பிறகு அரசு முன்விடுதலை செய்யலாம். விடுதலையாகிப் பக்கத்து டி.வி.எஸ். டோல்கேட்டில் வந்து நிற்கிறவன் கையில் ஒரு தொழில் இருப்பது நமக்கு நல்லதா, பழைய கூட்டாளியின் போன் நம்பர் மட்டும் இருப்பது நல்லதா? மேடைப் பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லவேயில்லை.

பாதிக்கப்பட்டவர் பேரைச் சொல்லிப் பட்டறையை மூடச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உழைக்கும் கைதிக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் கைதியின் கூலியிலிருந்து அதற்கென்று பிடித்தமும் செய்கிறார்கள். பட்டறை நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் அந்தப் பணமும் நிற்கும். கொலையுண்டவனின் மனைவிக்கு வரவேண்டியதைத் தடுத்துவிட்டு அவளுக்காகக் கண்ணீர் விடுவது என்ன நியாயம்?

சிறைத்துறையைக் குறை சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்திருந்தது நீதிமன்றம்வரை போனது. சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பது செல்லாது என்று 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். தண்டனைக் கைதிக்குப் பட்டறையாவது இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு வாய்தாவிலிருந்து வாய்தாவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் வேலை. முதல்முறை பிடிபட்ட பையன் பழம் தின்று கொட்டை போட்ட ஆட்களிடம் பாடம் படிப்பது இந்தச் சும்மா கிடக்கும் மாதங்களில்தான்.

வரிப்பணம் பாழாவது இங்கே. அடுத்த மேடையில் அவர் இதைப் பேசட்டும். ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்கள் எத்தனை பேர் என்று மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கட்டும். பிடித்த கூலி எந்தெந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று சிறை நிர்வாகத்திடம் கேட்கட்டும். மனு எழுதிக் கேட்டால், அதில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.