கச்சான் காற்றும் கினிப்பன்றிக் கூடும்

வகுப்பில் முதலாவதாக வந்தால் கினிப்பன்றி வாங்கித் தருவதாகத் தம் மகனுக்கு வாக்களித்துவிட்டாராம் உட்துறைமுக வீதி அன்பர் ஒருவர். கூட்டை எங்ஙனம் செய்விப்பது என்பது அவர் வினா.

இப்பிராணி பன்றியுமன்று, கினி நாட்டினதுமன்று. தென் அமெரிக்காவின் அந்தீசு மலைவாசிகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணவின்பொருட்டு வளர்க்கத் தொடங்கிய கொறிப்பிராணி இது. குளிர்ந்த மலைநாட்டிற் பிறந்த இனமாதலின், 20 பாகை செல்சியசை அடுத்த வெப்பமே அதற்கு இதம். 30 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நம்மைப்போல் வியர்த்து உடலைக் குளிர்விக்க அதற்கு இயலாது. நமது திருகோணமலையிலோ, கச்சான் வீசும் மாதங்களில் வெப்பம் 35 பாகையை எட்டும் நாட்கள் பல.

இதனை நான் அறிந்தது நூலினால் அன்று. முன்பொருமுறை, தகரக் கூரையிட்ட கூடொன்றை வேப்பமர நிழலை நம்பி முற்றத்தில் வைத்தேன். பிற்பகலில் நிழல் நகர்ந்துவிட்டது. பாடசாலையிலிருந்து வந்த மகள், "அப்பா, இது ஏன் எழும்பவில்லை?" என்றாள். மறுமொழி கூற எனக்கு வாயெழவில்லை.

ஆதலின் முதலில் இடத்தைத் தேர்ந்துகொள்க, கூடு பின்னர். கடற்காற்றுப் படுவதும் வெயில் எட்டாததுமான உள் விறாந்தையே தக்கது. வெளியில் வைத்தே ஆகவேண்டுமாயின், தகரத்தை விடுத்துக் கிடுகு வேய்க. உள்ளே தரையோடு ஒன்றை இட்டுவைத்தால், பிராணி அதன்மேற் படுத்துக் குளிர்ந்துகொள்ளும். மாரியில் வாடைச் சாரல் புகாதபடி சாக்குத் திரை போதும்.

இரண்டு பிராணிகளுக்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் வேண்டும். தனியே ஒன்றை வளர்த்தல் கொடுமை. இரண்டும் பெண்ணாயின் நலம். இணையைச் சேர்த்துவிட்டால் ஏறத்தாழ இரண்டு மாதங்களிற் குட்டிகளுக்கும் கூடு தேடவேண்டி வரும்! கடைகளில் விற்கும் கம்பித்தரைக் கூடுகள் வேண்டா, பாதம் புண்ணாகும். பலகைத் தரையிற் பழைய கடதாசியும் உலர்ந்த வைக்கோலும் பரப்பி, நனைந்ததை அன்றன்றே அகற்றுக.

பிரெட்ரிக் கோட்டை மான்களைப்போல் தம்பாட்டில் திரியவிடலாகாதா எனச் சிலர் கேட்பர். மானுக்கு ஓடத் தெரியும். இதற்கோ ஒளிய மட்டுமே தெரியும். கீரி, பூனை, காகம், பாம்பு யாவற்றுக்கும் அஞ்சவேண்டும். எனவே அரை அங்குலக் கண்ணுடைய கம்பிவலையால் மூடி அமைத்து, ஒளிந்துகொள்ள வாயகன்ற மட்பானைகள் இரண்டை உள்ளே சரித்து வையுங்கள்.

உணவு நம்மூரிலேயே உண்டு. வேலியோரக் கினிப்புல்லை நாள் முழுதும் கொறிக்கும். உயிர்ச்சத்து சி அதன் உடலில் நம்மைப்போலவே உண்டாவதில்லை. தினமும் ஒரு துண்டு கொய்யாவோ கறிமிளகாயோ கொடுக்க.

அன்பர் அவர்களே, பரீட்சை முடிவு வருமுன் வெறுங்கூட்டை வைத்து, பிற்பகல் 2 மணிக்கு உள்ளே வெப்பமானி இட்டுப் பாருங்கள். 30 பாகையைத் தாண்டுமாயின் இடத்தை மாற்றுங்கள். மகன் சில வாரங்கள் பொறுத்துக்கொள்வான்.