240: வெற்றியல்ல, அவகாசம்

2024 ஜூன் 4 மாலை நம் வீடுகளில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். 400 தொகுதிகள் என்ற முழக்கத்தோடு களமிறங்கிய பா.ஜ.க. 240-இல் நின்றுவிட்டது. தனிப்பெரும்பான்மைக்கு 32 குறைவு. தெலுங்கு தேசத்தின் 16, ஐக்கிய ஜனதா தளத்தின் 12 என்று பிறர் தயவில்தான் மோடி மூன்றாம் முறையாகப் பிரதமராகியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

2019-இல் அக்கட்சி பெற்ற வாக்கு 37.4 சதவீதம், 2024-இல் 36.6. அதாவது 63 தொகுதிகள் குறைந்தும், வாக்கு ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. அது இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

உத்தரப் பிரதேசத்தில் 62-லிருந்து 33-க்கு இறங்கியது. ராமர் கோயில் அமைந்த அயோத்தி அடங்கும் ஃபைசாபாத் தொகுதியிலேயே சமாஜ்வாதியின் அவதேஷ் பிரசாத் வென்றார். முஸ்லிம்களைக் குறிவைத்துப் பிரதமர் பேசிய ராஜஸ்தானின் பான்ஸ்வாராவில் பாரத் ஆதிவாசி கட்சி வென்றது. இவை நம் வாக்குகளால் மட்டும் வந்த வெற்றிகள் அல்ல. விலைவாசியையும் வேலையின்மையையும் அரசியல் சாசனத்தையும் எண்ணி வாக்களித்த இந்துச் சகோதரர்களுக்கு, தலித், ஆதிவாசி மக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அதை நன்றியோடு நினைப்பது நம் கடமை.

அதே வேளை ஒடிசாவில் 8-லிருந்து 20-க்கு ஏறியது. கேரளாவில் திருச்சூர் மூலம் முதன்முறையாக மக்களவைக் கணக்கைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 39 தொகுதிகளையும் தி.மு.க. கூட்டணி வென்றது, ராமநாதபுரத்தில் முஸ்லிம் லீக்கின் நவாஸ்கனி 1.66 லட்சம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ஆயினும் இங்கே பா.ஜ.க. 11 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது. சென்ற முறையைவிட அதிகத் தொகுதிகளில் நின்றது ஒரு காரணம்தான் என்றாலும், பூஜ்யத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு இந்த எண்ணைக் கவனிக்காமல் விடக்கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. மக்கள்தொகையில் 14 சதவீதமான நமக்கு 543 பேர் கொண்ட அவைக்கு 2024-இல் தேர்வானவர்கள் 24 உறுப்பினர்கள்தாம். அப்போது வென்ற ஆளும் கூட்டணியின் 293 பேரில் ஒருவர்கூட முஸ்லிம் இல்லை. 2024 ஜூனில் பதவியேற்ற 72 பேர் கொண்ட அமைச்சரவையிலும் இருக்கவில்லை. இதற்கு ஆளுங்கட்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முஸ்லிம் வேட்பாளரை நிறுத்தினால் மற்றவர் வாக்கு போய்விடும் என்று மதச்சார்பற்ற கட்சிகளும் தயங்குகின்றன. நம் வாக்கு வேண்டும், வேட்பாளர் மட்டும் வேண்டாம் என்றால் அது எப்படி நீதியாகும்? இதை நண்பர்களிடம் உரிமையோடு கேட்க வேண்டும். அதுவும் தேர்தல் அறிவிப்பு வந்த பிறகல்ல, இப்போதே.

வாக்கு ஓர் அமானிதம். அதைப் போட்டுவிட்டு வந்ததோடு பொறுப்பு முடிவதில்லை. 18 வயது நிறைந்த நம் பிள்ளைகள், திருமணமாகி வந்த பெண்கள் ஆகியோரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் பார்க்கட்டும். வென்ற உறுப்பினரை அழைத்து, ஊரின் பிற சமூகத்தாரையும் உடன் அமர்த்தி, பள்ளிக்கூடம், சாலை, வேலை பற்றிப் பேசட்டும். தேர்தலுக்குத் தேர்தல் மட்டும் அண்டை வீட்டாரை நினைப்பவர்களாக நாம் இருந்துவிடக் கூடாது.

கிடைத்திருப்பது வெற்றியல்ல, அல்லாஹ் தந்திருக்கும் அவகாசம். அதை வீணாக்காமல் இருக்க அவனே தவ்ஃபீக் செய்வானாக.